ரசவாளியும் ரப்பர் இலையும்

இந்த ஆண்டு இலையுதிர்காலத்தை முறைப்படி கொண்டாடுவது என்று நான் தீர்மானித்தேன்.

தூத்துக்குடியில் வாழ்கிறவன் இப்படியொரு தீர்மானத்துக்கு வருவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எங்கள் ஊரில் பருவங்கள் இரண்டே: வெயில் காலம், கூடுதல் வெயில் காலம். மரம் என்றால் உடைமரம். அதில் இலை எது, முள் எது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். வானிலிருந்து உதிர்வது ஏதேனும் உண்டென்றால் அது உப்பளக் காற்று கொண்டுவரும் உப்புத் தூள்; அதற்குப் பருவம் கிடையாது.

ஆயினும் தீர்மானித்தேன். காரணம் இலை அன்று, வாளி.

என் மனைவி ஜெயஷீலா பிறந்தது சாத்தான்குளத்தை அடுத்த ஒரு சிற்றூரில். ஆண்டுதோறும் தை மாதத்தில் அங்கே ஆலயப் பண்டிகை நடைபெறும். அதன் முடிவில் ஊரே ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனம் நடைபெறும். அந்தப் பெருவிருந்தில் அரிசி ஊருடையது, ஆடு ஊருடையது, அடுப்பு ஊருடையது. பரிமாறும் கை மட்டும் மாப்பிள்ளைமாருடையது. அவ்வூரில் பெண் எடுத்தவன் மருத்துவனாயினும் சரி, வங்கி மேலாளனாயினும் சரி, அன்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கு உப்பு. சற்றுப் பழகியவனுக்குக் கூட்டு. நன்றாகப் பழகியவனுக்குக் கொதிக்கும் ரசம். அங்கே பதவி உயர்வு என்பது இதுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் ரசத்துக்கு உயர்ந்தேன். முதல் பந்தியின் முதல் இலையிலேயே வாளியின் கைப்பிடி கழன்றது. கழன்றது கைப்பிடி, பழி என்மேல். அந்த இலைக்கு முன் அமர்ந்திருந்தவர் ஊர்ப் பெரியவர். அவருடைய வேட்டி வெள்ளை. அன்றிலிருந்து அவ்வூரில் ஜெயசிங் என்னும் என் பெயர் வழக்கொழிந்தது. நான் பேருந்திலிருந்து இறங்கினாலே, “ரச மாப்பிள்ளை வாராவ” என்கிறார்கள். மரியாதையுடன்தான் சொல்கிறார்கள். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

அடுத்த மூன்று அசனங்களுக்கு நான் போகவில்லை. நான் பணிபுரிவது கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில். ஆகவே அசனத்தன்று தவறாமல் ஒரு கப்பல் வந்தது. முதலாண்டு வந்தது நிலக்கரிக் கப்பல். இரண்டாமாண்டு வந்தது மரத்தடிக் கப்பல். மூன்றாமாண்டு எந்தக் கடலிலும் இல்லாத கப்பல் ஒன்றை நானே வரவழைத்தேன். நான்காம் கப்பல் கரை சேராது என்பதை ஷீலாவின் புருவம் மார்கழியிலேயே அறிவித்துவிட்டது.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, இரவு உணவின்போது அவள் செய்தியைச் சொன்னாள்.

“வார சனிக்கிழமை எங்கூர்ல அசனம். ஜாபேஸ் போன் பண்ணுனான்.”

ஜாபேஸ் அவளுடைய தம்பி. அசனக் குழுவில் வாளிகளுக்கு அவனே பொறுப்பு. தை பிறந்துவிட்டால் அவனுடைய அழைப்பை நான் எடுப்பதில்லை. அவ்வூரிலிருந்து வேறெவர் அழைத்தாலும் எடுப்பதில்லை.

“உங்களுக்கும் போட்டானாம். நீங்க எடுக்கலையாம்.”

“சத்தத்துல கேட்டிருக்காது.”

“வீட்டுல என்ன சத்தம்?”

“மனசுக்குள்ள.”

“ரசவாளிக்குப் புதுக் கைப்பிடி போட்டாச்சாம். அத்தான்ட்ட மறக்காம சொல்லணும்னான்.”

மீதி இட்லியை மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

மறுநாள் அலுவலகத்தில், அடுத்த மேசையில் இருக்கும் ரெக்சனிடம் என் துயரத்தை இறக்கிவைத்தேன். ரெக்சன் குலசேகரத்துக்காரன். பிறர் துயரைக் கேட்டவுடன் தன் ஊரைப் புகழத் தொடங்குவது அவனுடைய இயல்பு.

“எங்க ஊர்ப் பக்கம் ஒருக்கா வாங்க அண்ணாச்சி. ரப்பர் மரம்லாம் இப்ப இலையை உதுக்கப் போவுது. உதுக்கதுக்கு முன்னால மலை பூரா செம்பை உருக்கி ஊத்துன மாதிரி கெடக்கும். ஆளுக கார் புடிச்சு வந்து போட்டோ எடுக்காவ.”

“வார சனிக்கிழமை வந்தா சிவந்திருக்குமா?”

“மாசக் கடைசிலதான் சரியா இருக்கும்.”

மாதக் கடைசி யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது சனிக்கிழமை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அறிவித்தேன்.

“ஷீலா, சனிக்கிழமை நாம இலையுதிர்காலம் பாக்கப் போறோம்.”

“எந்த நாட்டுக்கு?”

“குலசேகரத்துக்கு. கார்ல.”

“நம்ம கார்லயா?”

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எங்கள் கார் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அது அலுவலகம் அறியும், ஆலயம் அறியும், இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள பெட்ரோல் பங்கையும் அறியும். வேறு உலகம் அறியாது. உப்புக் காற்றுக்கு அஞ்சி அதன்மேல் உறை போட்டிருக்கிறேன். கறை படியும் என்று அஞ்சி இருக்கைகளின் பாலித்தீனைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதில் அமர்ந்து எழுந்தால் சேலை ஒட்டிக்கொள்கிறது என்று ஷீலா ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறாள்.

“சனிக்கிழமை அசனம்லா?”

“அசனம் வருசா வருசம் வரும். இலை காத்துக்கிட்டு நிக்காது.”

“இலையும் வருசா வருசம்தானே உதிரும்?”

விடை இல்லாத இடத்தில் ஆண்மகன் செய்வதை நானும் செய்தேன். பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

“இருபது வருசமா பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துத. இலையுதிர் காடுன்னு வாய் வலிக்கச் சொல்லுத. என்னைக்காவது கண்ணால பாத்திருக்கியா?”

எதிர்பாராத வகையில் அவள் குரல் தணிந்தது.

“பாத்ததில்ல. புத்தகத்துல கறுப்பு வெள்ளையில ஒரு படம் இருக்கும். என்ன கலர் டீச்சர்னு பிள்ளைக கேக்கும். செவப்புன்னு சொல்லுவேன். எந்தச் செவப்பு டீச்சர்னு கேட்டா பாடத்தை மாத்திருவேன்.”

வென்றுவிட்டேன் என்று அறிந்தேன். வென்றவனிடம் உலகம் நிபந்தனை விதிக்கும் என்பதை அறியவில்லை.

“அம்மாட்ட என்ன சொல்ல?” என்றாள்.

“கப்பல் வருதுன்னு சொல்லு.”

“கப்பல் வந்தா எனக்கென்ன? நானா இறக்கப் போறேன்?”

நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன்.

“சரி, அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா போனா முழுசாப் போகணும். மொதல்ல சீட்டு பாலித்தீனைக் கிழிக்கணும்.”

“கிழிச்சா சீட்டு அழுக்காயிரும்.”

“அப்ப அசனத்துக்கே போவோம்.”

“கிழிச்சிருவோம்.”

“மாத்தூர் தொட்டிப்பாலம் பாக்கணும். திற்பரப்பு அருவியில குளிக்கணும்.”

“ஈரத்தோட சீட்டுல உக்காந்தா—”

“ஜாபேஸுக்குப் போன் போடட்டுமா?”

“ரெண்டு தடவை குளி.”

“நாகர்கோவில்ல மீன் சாப்பாடு. சாப்பிடும்போது மைலேஜ் கணக்குச் சொல்லக் கூடாது.”

அதற்கும் உடன்பட்டேன். ஒரு வாளியைத் தவிர்ப்பதற்கு மனிதன் எதைத்தான் இழக்கமாட்டான்?

“அந்த ரெக்சன் நம்பரைக் குடுங்க. எந்த வழி நல்ல வழின்னு கேட்டு வச்சிக்கிடுதேன்.”

கொடுத்தேன். அவள் பின்கட்டுக்குப் போய்ப் பேசினாள். வழி கேட்பவள் அவ்வளவு நேரம் சிரிப்பானேன் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது; ஆயினும் நான் அப்போது பாலித்தீனைக் கிழிக்கும் துக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் ரெக்சன் தானாகவே என் மேசைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, ஊர்ல விசாரிச்சேன். இந்தச் சனிக்கிழமையே போயிருங்க. அப்புறம் போனா குச்சிதான் நிக்கும்.”

“நேத்து மாசக் கடைசின்ன?”

“அது போன வருசம். சனிக்கிழமை ஆபீஸை நான் பாத்துக்கிடுதேன். நீங்க டீச்சரைச் சந்தோசமா கூட்டிட்டுப் போங்க.”

நண்பன் என் பக்கம். இயற்கை என் பக்கம். கண் கலங்கியது.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். வழியை நானே வகுத்திருந்தேன். வரைபடத்தில் சாத்தான்குளத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு, அந்த வட்டத்தைத் தொடாத சாலைகளை மட்டுமே தேர்ந்தேன். திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் என்று நாற்கரச் சாலையில் கார் பறந்தது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் கை வீசி எங்களை வரவேற்றன. ஆறாண்டுச் சிறையிலிருந்து விடுபட்ட கார் அதற்கு முன் ஒருபோதும் எழுப்பாத ஓர் இனிய ஒலியை எழுப்பிற்று. “அது கியர் மாத்தச் சொல்லுது” என்றாள் ஷீலா.

குலசேகரம் தாண்டியதும் ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கின. இறங்கிப் பார்த்தேன். பாதி மரங்கள் பச்சையாகவே நின்றன.

“பாதிதான் செவந்திருக்கு. ரெக்சன் செம்பு உருக்குனது போலன்னான்.”

“இன்னும் முழுசா வெக்கம் வரல மரத்துக்கு. பரவாயில்ல, அந்தச் சரிவைப் பாருங்க.”

அங்கே ஒரு சரிவு மட்டும் முழுமையாகச் சிவந்திருந்தது. வெயில் இலைகளின் வழியே இறங்கித் தரையையும் சிவப்பாக்கியிருந்தது. ஷீலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். உதிர்ந்த இலை ஒன்றை எடுத்தாள். ஒரு காம்பில் மூன்று இலைகள். மூன்றும் வெவ்வேறு சிவப்பு. அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“இந்தச் செவப்புதான்,” என்றாள், வகுப்பில் யாருக்கோ விடை சொல்லுவது போல. பிறகு கைப்பை நிறைய இலை பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். உண்மையைச் சொல்லுவதானால், ஒரு கணம் வாளி எனக்கு மறந்தே போயிற்று.

தொட்டிப்பாலத்தில் நடந்தோம். திற்பரப்பில் அவள் இரண்டு தடவை குளித்தாள். நாகர்கோவிலில் நெய்மீன் குழம்புக்கு முன் அமர்ந்தபோது, இந்நேரம் அசனத்தின் முதல் பந்தி அமர்ந்திருக்கும் என்று நினைத்தேன். எவனோ ஒரு பாவப்பட்ட மாப்பிள்ளை என் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவனுக்காக மனம் இரங்கி, இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போது ஷீலா சொன்னாள்:

“திசையன்விளை வழியாப் போவோமே. அசனம் இந்நேரம் முடிஞ்சிருக்கும். அம்மாவை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம். கறி மிச்சமிருந்தா வாங்கிக்கிடலாம்.”

எண்ணிப் பார்த்தேன். பந்தி முடிந்திருக்கும். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். வென்ற மன்னன் தோற்ற நாட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது மரபுதான்.

“போவோம். கப்பலை அனுப்பிட்டு நேரா ஓடி வாரோம்னு சொல்லிருவோம்.”

“சொல்லுங்க,” என்றாள் ஷீலா.

நாங்கள் ஆலய வளாகத்தில் கார் நிறுத்தியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஏதோ ஒன்று சரியாக இல்லை. எச்சில் இலை ஒன்று கூட இல்லை. இலைக்குச் சண்டையிடும் நாய்கள் இல்லை. கறி மணம் இல்லை. பந்தல்கால்கள் நடப்படாமல் தரையில் கிடந்தன. ஏணியின் உச்சியில் நின்று ஜாபேஸ் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க அத்தான், வாங்க.” அவன் அவசரமாக இறங்கினான். “அடுத்த சனிக்கிழமை அசனத்துக்கு இன்னைக்கே வந்து நிக்கீயளே. இம்புட்டு ஆர்வத்தை நான் எதிர்பாக்கல.”

“அடுத்த சனிக்கிழமையா? இன்னைக்கு இல்லையாலே?”

“இன்னைக்கு எப்படி அத்தான்? பந்தலே இன்னும் போடல. அக்காட்ட அன்னைக்கே தேதி சொன்னேனே.”

நான் ஷீலாவின் பக்கம் திரும்பினேன். அவள் காரில் சாய்ந்துகொண்டு கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“நீ வார சனிக்கிழமைன்னுல்லா சொன்ன?”

“சொன்னேன். கப்பல் இனி செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியும். வேற ஏதாவது கொண்டு வருவீங்கன்னு எனக்குத் தெரியும். எதைக் கொண்டு வந்தாலும் ஒரு வாரம் முன்னாலயே வந்து தீரட்டும்னு நெனச்சேன். காரைக் கொண்டு வருவீங்கன்னு சத்தியமா நெனைக்கல.”

என் கையில் கடைசியாக ஒரு சீட்டு இருந்தது. அதையும் இறக்கினேன்.

“அடுத்த சனிக்கிழமை எனக்கு ஆபீஸ். இன்னைக்கு ரெக்சன் எனக்காகப் பாத்தான். அவனுக்காக நான் பாத்தாகணும்.”

“வேண்டாம். அதையும் அவரே பாத்துக்கிடுவார். வழி கேக்கப் போன் போட்டப்பவே பேசியாச்சு. இலை மாசக் கடைசிலதான் செவக்கும், பொறுத்து வாங்க டீச்சர்னு பாவம், எவ்வளவோ சொன்னார். நான்தான் இந்த வாரமே போகச் சொல்லச் சொன்னேன். கூலியா ஒரு தூக்குவாளி அசனக் கறி கேட்டிருக்கார்.”

இதற்குள் ஜாபேஸ் ஓட்டமாகப் போய் உள்ளறையிலிருந்து அதைக் கொண்டுவந்தான். பித்தளை வாளி. புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். புதுக் கைப்பிடி தனியாக மின்னிற்று.

“வந்தது வந்தீய, ஒருக்கா தூக்கிப் பாத்துருங்க அத்தான். இனிமே கழலாது. வெல்டு வச்சிருக்கு.”

தூக்கினேன். வேறு என்ன செய்ய?

அந்நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர் மாலை நடைக்காக அவ்வழியே வந்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையின் எதிர்ப்புறத்துக்கு மாறி, மதிலை ஒட்டியே நடந்து போனார்.

வாளி காலியாகத்தான் இருந்தது.