மெஷின் மேல் இருக்கவேண்டிய பொட்டலம்

கடைசிச் சோளப்பொரியையும் வாயில் போட்டு மென்ற பிறகுதான், தான் தின்று முடித்தது எந்தப் பொட்டலம் என்று கை-லினுக்கு உறைத்தது.

பச்சை உறை. தேங்காய் வாசனை. என்.எம்.ஆர். மெஷின் மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும் அதே பொட்டலம். இன்றைக்கு ஏனோ கீபோர்டு பக்கத்தில் கிடந்தது. காலையில் முட்டை அடைக் கடையில் வரிசை நீளமாக இருந்ததால் வெறும் வயிற்றோடு ஓடி வந்தவன், ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டே உறையைப் பிரித்துவிட்டான். அதன் மேல் கறுப்பு மையில் யாரோ நாலைந்து வரி கிறுக்கியிருந்ததைக்கூடப் பார்த்தான். வழக்கமான வேண்டுதலாக இருக்கும் என்று படிக்கவில்லை.

நாங்கள் வேதியியல் படிக்கிறவர்கள். எதற்கும் ஆதாரம் கேட்போம். ஜாதகம் பார்க்கிற சித்தியைக் கிண்டல் செய்வோம். ஆனால் தைவானின் தைனான் நகரத்தில் எங்கள் துறை லேப்பில் எந்த மெஷின் மேலும் பச்சைப் பொட்டலம் ஒன்று இல்லாமல் ஸ்விட்சில் கை வைக்கமாட்டோம். இருந்தால் மெஷின் சமர்த்தாக ஓடும். பச்சையாகத்தான் இருக்கவேண்டும். தேதி தாண்டியிருக்கக் கூடாது. தின்னக் கூடாது என்று மட்டும் எங்கேயும் சொல்லப்படவில்லை. அப்படி ஒருவன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

மணி ஒன்று. அவனுடைய முறை. நாலு மாதம் காய்ச்சி, வடிகட்டி, கொட்டி, மறுபடி காய்ச்சி எடுத்த ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி, கண்ணாடிக் குழாயில் கரைந்து நேற்றிலிருந்து ஸ்டாண்டில் நிற்கிறது. பொடி சரிதானா என்று இந்த மெஷின் வரைந்து காட்டும் கிராஃப் மூன்று மணிக்குள் ப்ராஜெக்ட் கைடு வெய் சார் மேஜைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் ப்ராஜெக்ட் கிடையாது, பட்டம் அடுத்த வருஷம். அம்மா பட்டமளிப்பு விழாவுக்கென்று புதுச் செருப்பு வாங்கி, காலைக் கடிக்காமலிருக்க வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

கை-லின் பட்டனை அமுக்கினான். குழாயைத் தாங்கி இறக்கும் காற்று 'புஸ்' என்று வரவேண்டும். வரவில்லை.

சீனியர் மிங்-தேவுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, மெஷின்ல காத்து வரல."

"மேல பொட்டலம் இருக்கா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? இப்ப எங்க?"

"எனக்குள்ள இருக்குண்ணா."

மறுமுனையில் மிங்-தே எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"லி-ஜூ அக்காவுக்குத் தெரியுமா?"

லி-ஜூ அக்காதான் இருபது வருஷமாக அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். பெற்ற பிள்ளைகளைக்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டார்.

"அக்காவக் காணோம்ணா."

"அது ஒண்ணுதான் உன் நல்ல நேரம். ஓடு. அக்கா வர்றதுக்குள்ள புதுசா ஒண்ணு வாங்கி வை."

உறையைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு ஓடினான். கடை வாசல் குப்பைத்தொட்டியில் அதைப் போட்டு, மேலே நாலு காலி டீக் கோப்பைகளைத் தள்ளி மூடினான். தடயம் ஒழிந்தது.

கடையில் பச்சை இல்லை. பரீட்சை நேரம்; கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மஞ்சள்தான் இருந்தது. நிறம் என்பது வெறும் அலைநீளம், மெஷினுக்கு என்ன தெரியும் என்று ஒரு விஞ்ஞானியாக யோசித்து, மஞ்சளை வாங்கி வந்து வைத்தான்.

திரை அணைந்தது.

பத்து நிமிஷம் யாரும் தொடாத திரை அணையத்தான் செய்யும். இது முதல் வருஷப் பையனுக்கும் தெரியும். நாலாம் வருஷம் படிக்கும் கை-லினுக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

"அண்ணா, மஞ்சள் வெச்சேன். எல்லாமே செத்துப்போச்சு."

"மஞ்சளா?" என்றான் மிங்-தே. "தம்பி, நீ எனக்கு போனே பண்ணல. நான் உன்கிட்ட எதுவும் சொல்லல. சரியா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைக்கு மிதித்தான். அங்கே பச்சை நாலு இருந்தது. நாலையும் வாங்கினான். சிக்னலில் நிற்கும்போதுதான் எங்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி ஆயிற்றே என்று நினைவு வந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் ஒன்றை அங்கேயே தின்று தீர்த்தான். இன்றைக்கு இரண்டாவது.

மூன்றையும் மெஷின் மேல் வரிசையாக அடுக்கினான். பட்டனை அமுக்கினான். புஸ் இல்லை. வேறு வழி தெரியாமல் கைகூப்பி மூன்று தடவை குனிந்தான்.

"தெரியாம தின்னுட்டேன். பசி. உங்க மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. இந்த ஒரு தடவை மட்டும் மன்னிச்சு காத்து விடுங்க."

"யார்கிட்டப்பா பேசிட்டிருக்க?"

வாசலில் வெய் சார் நின்றார். வகுப்பில் 'அதிர்ஷ்டம்' என்று சொன்ன ஒருத்தியை வெளியே நிற்க வைத்தவர்.

"மெஷின்கிட்ட சார்."

"எதுக்கு?"

கை-லின் எல்லாவற்றையும் சொன்னான், சிக்னலில் தின்றதையும் சேர்த்து. பொய் சொல்லவும் கெட்டிக்காரத்தனம் வேண்டும், அது தன்னிடம் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

வெய் சார் திட்டவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அங்கயே நில்லு. எதையும் தொடாத. என் ஆபீஸ் பிரிண்டர் பக்கம் போனியா?"

"இல்ல சார்."

"நல்லது. போகாத." கையிலிருந்த கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவி, நீட்டாமல், மேஜை மேல் வைத்துத் தள்ளினார். "இந்த வருஷம் ப்ராஜெக்ட்லேர்ந்து விலகிக்கோப்பா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. மத்த பசங்களும் இந்த மெஷினை நம்பித்தான இருக்காங்க?"

கை-லின் பேனாவை எடுத்தான். அம்மா வீட்டுக்குள் அந்தச் செருப்போடு டக் டக்கென்று நடப்பது காதில் கேட்டது. மேஜையில் குனிந்து, டிராயர் பிடி முழங்காலில் இடிக்க இடிக்க, கையெழுத்துப் போட்டான். வெய் சார் படிவத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து எடுத்துக்கொண்டார். மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. மெஷினைக் குளிர்விக்கும், வெள்ளைப் புகை கசியும் நைட்ரஜன் டாங்க்கைத் தள்ளிக்கொண்டு லி-ஜூ அக்கா உள்ளே வந்தார். மேலே உட்கார்ந்திருந்த மூன்று பச்சையையும், மூலையில் குற்றவாளிபோலக் கிடந்த மஞ்சளையும் பார்த்தார்.

"என்ன சார், பண்டிகையா?"

"மெஷின் ஓடலம்மா" என்றார் வெய் சார்.

"எப்படி ஓடும்? நைட்ரஜன் ஊத்தணும்னு பன்னெண்டு மணிக்கே நான்தான் காத்தை மூடிட்டுப் போனேன்." அக்கா மேஜையைத் துழாவினார். "இங்க வெச்சிருந்த பழைய பொட்டலம் எங்க?"

கை-லின் தன்னையறியாமல் வயிற்றில் கை வைத்தான்.

"நோட்டீஸ் ஒட்டினா இங்க ஒருத்தரும் படிக்கிறதில்லன்னுதான், 'கை-லின், உன்னோடத நான் காலையிலயே ஓட்டி முடிச்சுட்டேன், கிராஃப் இந்த டிராயர்ல இருக்கு'ன்னு அது மேலயே எழுதி, உன் கண்ணுல படட்டும்னு வெச்சுட்டுப் போனேன்" என்றார் லி-ஜூ அக்கா.