மண்வெட்டிக்குத் தடை

அந்த ஊரில் பதினெட்டு மாதங்களாக மண்வெட்டிகளுக்கெல்லாம் ஓய்வு. பழந்துணி சுற்றிக் கொட்டகை மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். உத்தரவு போட்டவர் ஈரஞானி.

மழை பொய்த்த ஆண்டில்தான் அவர் வந்து இறங்கினார். கையில் ஒரு செப்புத்தடி. தாகமுள்ள மண்மேல் நீட்டினால் நடுங்குமாம். ஈரமுள்ள மண்மேல் நீட்டினால் சும்மா இருக்குமாம். திராட்சை போட்டவர்களெல்லாம் பொழுது விடியும் முன்பே அவர் வாசலில் வரிசை கட்டினார்கள். வானொலியில் வானிலை அறிக்கை வந்தால் கேலி செய்கிறவர்கள், தடி ஆடினால் கைகட்டி நின்றார்கள்.

அவருடைய சட்டம் இரண்டே இரண்டு. தினமும் காலையில் கால் மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். மழை கொட்டினாலும் நிறுத்தக் கூடாது. மண்ணில் மண்வெட்டி படவே கூடாது. பட்டால் ஈரம் கோபித்துக்கொண்டு போய்விடும். ஈரத்துக்கு அவ்வளவு ரோஷம்! கூட்டத்தில் ஒருவருக்காவது சிரிப்பு வந்ததா? தலையைத் தலையை ஆட்டினார்கள்.

அந்தத் தலைகளில் முதல் தலை பந்தல்காரருடையது. ஐந்து ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டிருந்ததால் ஊர் வைத்த பெயர். போன வருடம் அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டப்படி மழையோடு மழையாக இவரும் தண்ணீர் விட்டார். பழம் ஊதி, வெடித்து, அழுகி உதிர்ந்தது. ஈரஞானி வந்தார். தடி நடுங்கியது.

"உங்க வீட்ல யாரோ மண்ணைத் தோண்டியிருக்காங்க."

தோண்டியிருந்தாள். பந்தல்காரரின் மனைவி, கொல்லைப்புறத்தில் ஒரு ரோஜாக் குச்சி நட ஒரு சாண் குழி தோண்டியிருந்தாள். ஐந்து ஏக்கர் நாசத்துக்கும் அந்த ஒரு சாண்தான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. நான்கு மாதம் மனிதர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரோஜாவையும் பிடுங்கி எறிந்தார்.

இந்த வருடம் மறுபடி வறட்சி. காய் நிறம் மாறும் நேரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. குட்டையில் இன்னும் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர். அதை எங்கே விடுவது என்று தடி சொல்ல வேண்டும். தவறினால் இந்த வருடப் பழமும் போச்சு. ஊரே பந்தலுக்கடியில் கூடியது.

பந்தல்காரரின் தங்கையும் வந்தாள். மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் பழுது பார்ப்பவள். கையில் துணி சுற்றிய எதையோ வைத்திருந்தாள்.

"அண்ணா, வால்வைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன்."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரும்மா. ஐயா கோவிச்சுக்கப் போறாரு."

"கேக்கட்டும், கேக்கட்டும்," என்றார் ஈரஞானி பெருந்தன்மையாக.

"இது கடைசி வரிசை. இது பக்கத்து வரிசை. ரெண்டுல எதுக்குத் தாகம்?"

பக்கத்து வரிசையில் அன்று காலை விட்ட தண்ணீரில் மண் கறுத்து மினுமினுத்தது. கடைசி வரிசையில் காய்ந்த வைக்கோல் பரப்பிக் கிடந்தது. தடி கறுத்த மண்மேல் நல்ல பிள்ளையாக இருந்தது. வைக்கோல்மேல் வந்ததும் காய்ச்சல் கண்டதுபோல் உதறியது.

"ஐயோ! தொண்டை வறண்டு கதறுது! இருக்கிற தண்ணி பூரா இங்க விடுங்க!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஒருவராவது அண்ணாந்து பார்த்திருந்தால், கடைசி வரிசைக்கு மேலே மட்டும் இலை பச்சைப்பசேலென்று விரிந்திருப்பது தெரிந்திருக்கும். ஞானி பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். பாவம், எல்லோருக்கும் தடியைப் பார்க்கவே கண் போதவில்லை.

தங்கை துணியைப் பிரித்தாள். மண்வெட்டி!

"தோண்டாதே! ஈரம் போயிடும்!" என்று அலறினார் ஈரஞானி.

"போனா எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துக்கலாம்."

வைக்கோலை ஒதுக்கி ஒரு முழம் வெட்டினாள். அடிமண்ணை அள்ளிப் பிடித்தாள்; உருண்டையாக நின்றது. அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். சில்லென்றிருந்தது. பிறகு மினுமினுத்த வரிசையில் வெட்டினாள். நான்கு விரற்கடைக்குக் கீழே புழுதி பறந்தது. வேர் சுள்ளியாகக் கிடந்தது.

"கால் மணி நேரத் தண்ணி மேல்தோலைத்தான் நனைக்குது. வேருக்கு எட்டலை. கடைசி வரிசைக்கு நான் உங்களுக்குத் தெரியாம ஒரு வாரத் தண்ணியை ஒரே நாள்ல மெதுவா விட்டு, வைக்கோல் போட்டு மூடினேன். அவ்வளவுதான் மந்திரம்."

"இங்க ஏதோ தீட்டு..." என்று ஆரம்பித்த ஈரஞானியிடம் தன் கழுத்துத் துண்டை நீட்டினாள் தங்கை.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை நடங்கய்யா. தடிக்குத்தான் கண்ணு வேணாமே?"

ஞானிக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஓடிய வேகத்தில் தடியைக்கூட மறந்துவிட்டுப் போனார். அது கீழே கிடந்தது, கொஞ்சமும் நடுங்காமல்.

பந்தல்காரர் மண்ணுருண்டையைப் பார்த்தபடியே நின்றார். "அப்போ, போன வருஷம் பழம் வெடிச்சது..."

"மழையில அடிவரைக்கும் ஊறின மண்ணுல நீங்க வேற தண்ணி விட்டீங்கண்ணா. அது நேரா வேருக்கு இறங்கிடுச்சு. அண்ணி ரோஜாக்குழி என்ன பாவம் பண்ணிச்சு?"

வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை. குட்டைத் தண்ணீரை வறண்ட வரிசைகளுக்குச் சொட்டச் சொட்டத் திறந்துவிட்டு, மண்வெட்டியோடு நேரே கொல்லைப்புறம் போனார். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்க தோண்டணும்னு சொல்லு. ரோஜா வெக்கலாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரோஜாவுக்கு நான் தோண்டிக்கறேன். நீங்க முதல்ல உங்க தலையில ஒரு சாண் தோண்டிப் பாருங்க, உள்ள ஏதாவது ஈரம் இருக்குதான்னு."

அவர் மண்வெட்டியை அவளிடம் நீட்டிவிட்டு, மிச்சத் துணியை உலர்த்தப் போனார்.

ஈரஞானி இந்நேரம் வேறோர் ஊரில் வேறொரு தடியோடு இறங்கியிருப்பார். நாளை உங்கள் வாசலுக்கும் வரலாம். அடையாளம் சொல்லி வைக்கிறேன்: 'தோண்டாதே' என்பார். அவர் கைகாட்டும் அந்த இடத்திலேயே மண்வெட்டியைப் போடுங்கள்.