கைப்பைக்குள் நாற்பத்திரண்டு பஸ்

டிப்போவிலிருந்து எந்த வண்டியும் டிரிப் ஷீட் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது விதி. நல்ல விதி. நாலு பேர் உட்கார்ந்து யோசித்துப் போட்ட விதி. அது ஒரு கைப்பையை என்ன பாடு படுத்தும் என்பதை மட்டும் அந்த நாலு பேரும் யோசிக்கவில்லை.

அந்தக் கைப்பை, டிப்போ அலுவலகத்தில் வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் அக்காவுடையது. அவள் வீட்டுக்காரர் அதே டிப்போவில் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி வண்டியில் ஒரு கீறல் விழவிடாத மனுஷர், வீட்டில் பரண்மேல் இருந்த சூட்கேஸை இறக்கப் போய் ஸ்டூலோடு விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படுத்த இடத்திலிருந்தே டிரைவர் வீட்டை ஓட்ட ஆரம்பித்தார். அக்கா பெருக்கினால், "லெஃப்ட்ல ஒடிச்சுத் திரும்பு, ரைட்ல கட்டில் இடிக்குது" என்றார். மகள் குளிக்கப் போனால், எத்தனை மணிக்குப் புறப்பட்டாள், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாள் என்று கணக்குக் கேட்டார். நாலாவது நாள் சமையலறையில் குக்கர் இரண்டு விசில் அடித்ததும், "ரைட், போலாம்!" என்று சத்தம் கொடுத்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம் வந்தாள்.

"இவரை எதுலயாவது உட்கார வைக்கணும்டி. இல்லேன்னா எனக்குத் தலையில மாவுக்கட்டுப் போடணும்."

மகள்தான் வழி சொன்னாள். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங், கியர், ஸ்டாப், பயணிகள் எல்லாம் அச்சு அசல். விரலாலேயே ஓட்டலாம், கால் வேண்டாம். கேட்டதும் டிரைவர் முகம் மலர்ந்தது; அன்றே வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. விளையாட்டு தொண்ணூற்றாறு ஜிபி. வீட்டு இன்டர்நெட்டோ மாதத்துக்கு முப்பது ஜிபி. அதில் இருபது மகளின் வகுப்புக்கே போய்விடும்.

"மீதி பத்துல கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா?" என்றார் டிரைவர்.

மகள் விரல் விட்டு எண்ணினாள். "பத்து மாசம் ஆகும்பா."

"அதுக்குள்ள இன்னொரு காலும் ஒடிஞ்சு சேர்ந்துடும்."

டிப்போ அலுவலகத்தில் வேகமான புது லைன் ஒன்று இருந்தது. காகிதமில்லா அலுவலகத் திட்டத்தில் போட்டது. போட்டு ஏழு மாதமாகியும் அதை யாரும் தொடவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற சுற்றறிக்கையை அச்சடிக்கக் காகிதம் வரவில்லை. அக்கா சூப்பிரண்டு சாரிடம் போய் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி அனுமதி கேட்டாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"தாராளமா இறக்கிக்கோங்கம்மா! மாசா மாசம் பயன்பாடு பூஜ்யம்னு எழுதி எழுதி என் கை மரத்துப் போச்சு. எவ்வளவு இழுக்கும்?"

"தொண்ணூத்தாறு ஜிபி சார்."

"நூறா ஆக்க முடியாதா? பார்க்க நல்லா இருக்கும்."

மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். மதியத்துக்குள் விளையாட்டு அலுவலகக் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டது. அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் போட்டால் போதும், மறுபடி இறக்கச் சொல்லாது என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா அப்படியே செய்தாள். ஐந்து மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

கேட் காவலர் பதிவேட்டைப் புரட்டினார். "காலையில உள்ள வரும்போது 'கறுப்பு டப்பா ஒண்ணு, காலி'ன்னு எழுதியிருக்கேன். இப்பவும் காலிதானேக்கா?"

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அக்காவுக்குப் பொய் வராது.

"இல்லண்ணே. உள்ள பஸ் இருக்கு."

காவலர் டப்பாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். எழுந்து போய்க் கேட்டைச் சாத்தினார்.

"டிரிப் ஷீட்?"

"அண்ணே, இது கம்ப்யூட்டர்ல ஓட்டற பஸ்ணே."

"எதுல ஓட்டினா என்னக்கா? உங்க வாயாலயே பஸ்ஸுன்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் டப்பான்னு எழுதினா அது பொய்க் கணக்கு இல்லையா?"

பொய் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா கைப்பையைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஷெட்டில் பதினாலாவது நிறுத்துமிடத்தில், இரண்டு பஸ்களுக்கு நடுவில், ஒரு ஸ்டூல்மேல் அது நின்றுகொண்டிருந்தது. உருண்டுவிடாமல் இருக்க முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல்.

சூப்பிரண்டு சார் கையை விரித்தார். "நான் இறக்கிக்கத்தான் சொன்னேன். ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லலையேம்மா."

ஆகவே கோப்பு திறக்கப்பட்டது. 'மேற்படி பஸ் ஓடத் தகுதியானதா எனப் பரிசோதித்து அறிக்கை அளிக்குமாறு' வண்டி ஆய்வாளருக்குக் கடிதம் போயிற்று. ஓட்டிப் பார்க்காமல் சான்று கொடுப்பதில்லை என்பது ஆய்வாளரின் கொள்கை. ஆய்வு நிமித்தம் விளையாட்டைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டுக்கொண்டார். ஆய்வு ஒன்பது நாள் நடந்தது. அந்த ஒன்பது நாளும் அவர் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. ஷெட்டில் நிஜ பஸ்கள் சான்றுக்காக வரிசையில் காத்திருந்தன. கடைசியில் அறிக்கை வந்தது:

'பிரேக் நன்று. ஹாரன் நன்று. ஆய்வின்போது ஒரு மரமும் இரண்டு கடைகளும் சேதமடைந்தன. அவை தாமாகவே மறுபடி முளைத்துக்கொண்டன. வண்டியை ஓட்டக் கால் தேவைப்படவில்லை. மொத்த வண்டிகள்: நாற்பத்திரண்டு.'

நாற்பத்திரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம டிப்போவுல இருக்கறதே முப்பத்தெட்டு வண்டி. அதுல பதினொண்ணுக்கு டயர் இல்ல. நீங்க நாப்பத்திரண்டைப் பையில போட்டுக்கிட்டுப் போறேங்கறீங்க!"

"சார், அது காப்பி சார். நான் எடுத்துக்கிட்டுப் போனாலும் இங்க இருக்கறது இங்கயே இருக்கும்."

மேனேஜர் பேனாவைக் கையில் எடுத்தார். "எடுத்தாலும் குறையாதா?"

"குறையாது சார்."

"எத்தனை தடவை எடுத்தாலும்?"

"எத்தனை தடவை எடுத்தாலும் சார்."

"அப்போ நம்மகிட்ட மொத்தம் எண்பது வண்டி இருக்குன்னு எழுதினா, அது பொய் இல்லதானே?"

அக்கா வாயைத் திறந்தாள். எங்கே பொய் என்று சுட்டிக்காட்டத் தெரியாமல் மூடிக்கொண்டாள்.

அந்த மாத அறிக்கையில் எண்பது வண்டி என்று போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே இன்னொரு கடிதமும். 'தங்கள் டிப்போவில் வண்டிகள் போதுமான அளவு இருப்பதால், தங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த பன்னிரண்டு புதிய பஸ்கள் வேறு டிப்போவுக்கு அனுப்பப்படுகின்றன. மேலும், நாற்பத்திரண்டு வண்டிகள் ஓடாமல் நிற்பது ஏன் என விளக்கம் தரவும்.'

விளக்கம் தருவதைவிட ஓட்டிவிடுவது சுலபம் என்று மேனேஜர் முடிவு செய்தார். யார் ஓட்டுவது? இருக்கிற டிரைவர்கள் எல்லோரும் ரோட்டில். அறிக்கையில்தான் கால் தேவையில்லை என்று ஆய்வாளரே எழுதியிருக்கிறாரே! காலில்லாமல் ஓட்டும் வண்டிக்குக் கால் முறிந்த டிரைவர் முழுத் தகுதியானவர் என்று மேனேஜர் கோப்பில் எழுதினார். டிரைவரின் மருத்துவ விடுப்பு ரத்தாயிற்று. ஐந்தாவது வாரம், ஒருவழியாக, டிரிப் ஷீட் வந்தது.

கண்டக்டர் இல்லாமல் பஸ் போகக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. எனவே ஒரு கண்டக்டர் அக்காவுடன் கிளம்பினார். காவலர் கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். "ரிவர்ஸ் எடுக்கணுமாக்கா?" என்றும் அக்கறையாகக் கேட்டார். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். அக்கா கைப்பையோடு நடந்து வெளியே போனாள்.

வீட்டில் மகள் ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். மகள் சொன்னபடியே, இன்டர்நெட்டைத் தொடாமல் விளையாட்டு திறந்துகொண்டது. இன்ஜின் சத்தம் கேட்டதும் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் திருப்பத்தில் ஒடித்துத் திரும்பியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, பட்டதெல்லாம் போகட்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"எப்படிங்க இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி போகுது!"

அப்போது கண்டக்டர் பைக்குள்ளிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காலையில ஆறு டு ரெண்டு, எட்டு சிங்கிள்ணே. ஒவ்வொரு நடைக்கும் கையெழுத்துப் போடணும்."

"விளையாட்டுதானேப்பா இது?"

"டூட்டிண்ணே."

டிரைவரின் சிரிப்பு அடுத்த ஸ்டாப் வருவதற்குள் இறங்கிவிட்டது. மூன்றாம் நாளே இடுப்பு வலி என்றார். விடுப்புக் கேட்டதற்கு, வண்டி ஓட்ட இடுப்பு தேவையா என்று ஆய்வாளரிடம் கருத்துக் கேட்டிருப்பதாகப் பதில் வந்தது.

அந்த விளையாட்டில் ஸ்டாப்புகளுக்கு நாமே பெயர் வைக்கலாம். மேனேஜர் உத்தரவுப்படி ஊரிலுள்ள ஸ்டாப் பெயர்களையெல்லாம் மகள் அதில் ஏற்றினாள். பஸ்கள் நிமிஷம் தப்பாமல் ஓடின. பயணிகளிடமிருந்து புகார் ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவு நன்றாக ஓடும் தடத்தில் பழைய வண்டிகள் எதற்கு என்று, நிஜ பஸ்களில் பாதியை நிறுத்திவிட்டார்கள். 'பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்' என்று ஸ்டாப்புகளில் ஒட்டும் அறிவிப்பை அக்காவே தட்டச்சு செய்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்த அறிவிப்பின் கீழேயே அக்கா முக்கால் மணி நேரம் நின்றாள். கூட நாற்பது பேர். பக்கத்தில் மூட்டையோடு நின்ற காய்கறிக்காரம்மா பல்லைக் கடித்தாள்.

"பத்து நிமிஷமாம், பத்து நிமிஷம்! எவன் எழுதினானோ!"

"நான்தாங்க எழுதினேன்" என்றாள் அக்கா.

நாற்பது பேரும் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டிரைவர்.

"இப்பத்தான் உன் ஸ்டாப்புல நிறுத்திட்டுக் கிளம்பறேன். ஒரு ஆள்கூட ஏறலை. ஊர்ல ஜனமே இல்லையா?"

போன் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. என்ன ஏது என்று கேட்டார்கள். பொய் வராதே! அக்கா ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

யாரும் அடிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஏங்க, நான் அதே விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி ரெண்டு மாசமாச்சு. எங்க வீட்டு லைன்ல கால்வாசிகூட இறங்கலை. அந்த டிஸ்க் இப்ப உங்க கையில இருக்கா?"

"பையிலதாங்க இருக்கு."

"காப்பி பண்ணிக்கிட்டு நாளைக்கே தந்துடறேன்."

"அவருக்கு அப்புறம் எனக்கு" என்றார் பின்னாலிருந்த தையல்காரர்.

"நான்தாங்க முதல்ல நின்னேன்!" என்றாள் காய்கறிக்காரம்மா. "எம் மருமகன் இதுக்காகத்தான் மூணு மாசமா மொட்டை மாடியில போனைத் தூக்கிக்கிட்டு அலையறான்!"

கும்பலாக நின்றவர்கள் தாமாகவே வரிசையானார்கள். அந்த ஸ்டாப்பில் ஜனங்கள் வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை. இடம் பிடிப்பதில் இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டைகூட வந்தது. அப்போது ஒரு பஸ் வந்தது. நிஜமான பஸ், உள்ளே நிறைய இடத்தோடு. அந்த வண்டியின் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஏறினால் வரிசையில் இடம் போய்விடும் என்று ஒருவரும் நகரவில்லை.

அதன் கண்டக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு, 'இந்த ஸ்டாப்பில் பயணிகள் இல்லை' என்று எழுதிக்கொண்டு விசில் கொடுத்தார்.