பேய் குடித்த தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. மாடிகளில் வரிசையாகத் தலைகள். மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இத்தனை கூட்டமும் ஒரு கக்கூஸைப் பார்க்க வந்த கூட்டம் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அந்த வீட்டில் ஒரு பேய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதை விரட்ட மோட்டார் சித்தர் வருவதாக இருந்தது.

மற்ற சித்தர்கள் மலையில் இருப்பார்களாம். எங்கள் சித்தர் ஸ்கூட்டரில் வருவார். கையில் ஒரு செம்புக் கம்பி, உள்ளங்கை நிறைய வாசனைத் தைலம். ஓடுகிற மோட்டாரை முறைத்தே நிறுத்திவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. பேய் தொட்ட மோட்டார் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவரே கழற்றி எடுத்துக்கொண்டு போவார். அந்த இடத்தில் மந்திரித்த மோட்டார் ஒன்றை விலைக்குத் தந்து, அவரே மாட்டியும் விடுவார். அந்தப் பேய் வீட்டைச் சேர்க்காமலே எங்கள் தெருவில் ஏழு வீட்டு மோட்டார்கள் இப்படிக் கிளம்பிப் போயிருந்தன. ஏழாவது என்னுடையது. நான் தையல்காரன். அரை அங்குலம்கூட என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

பேய் வீடு என் கடைக்கு எதிர் வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரஷர் மோட்டார். குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். வீடு தெருவைவிடப் பள்ளத்தில் இருப்பதால் கழிவுத் தண்ணீர் பின்பக்கக் குழியில் சேரும். குழி நிறைந்ததும் மிதவை எழும்பும். உள்ளே முழுகிக் கிடக்கிற இன்னொரு மோட்டார், தண்ணீரை மேலேற்றி வாசல் தொட்டி வழியாகத் தெருச் சாக்கடைக்குத் தள்ளும். பல வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்த ஏற்பாடு.

மூன்று மாதமாகத்தான் கோளாறு. ஒரு குழாயும் திறக்காதபோதே மேல் மோட்டார் 'உர்ர்' என்று கிளம்பியது. கால் மணிக்கு ஒருமுறை அப்படி. முன்பெல்லாம் நாளுக்கு ஒரு தடவை ஓடிய கீழ் மோட்டார், இப்போது நாலைந்து தடவை குழிக்குள் 'கொர்ர்' என்றது.

"மேல குடிக்குது, கீழ ஏப்பம் விடுது" என்றார் சித்தர்.

வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஓர் அலுவலகத்தில் மேலாளர் அவர். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், ஏப்பம் என்றதும் பெட்டிப் பாம்பாக அடங்கிப்போனார். இரண்டு மெக்கானிக்குகள் ஏற்கெனவே வந்து பார்த்து, மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சித்தர் மோட்டாரையே மாற்றிக் கொடுத்தார். மோட்டார் மாறியது. பேய் அப்படியே இருந்தது.

சரி, பேய் வந்தால் யாரையாவது பிடித்துக்கொண்டுதானே வந்திருக்க வேண்டும்? மூன்று மாதத்துக்கு முன்பு வீட்டுக்குப் புதிதாக வந்தவர் யார் என்று சித்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வந்தவர் மேலாளரின் மாமியார். சாயப்பட்டறையில் முப்பது வருஷம் நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டு, இருந்த ஒற்றை அறையையும் காலிசெய்துகொண்டு மகளோடு இருக்க வந்த அம்மா. கீழ்த்தள அறையும் அதை ஒட்டிய குளியலறையும் அவருக்கு.

சித்தர் அந்தக் குளியலறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேயோடு பேச வேண்டுமாம். ஐந்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஏழு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. என்ன ஆச்சரியம், குழாயைத் திறக்காதபோது மோட்டார் மூச்சே விடவில்லை! எட்டாம் நாள் வந்து பூட்டைத் திறந்து, மறுபடி ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டுப் போனார். கால் மணியில் 'உர்ர்'.

"பாத்தீங்களா? அந்த அம்மா புழங்குற எடத்துலதான் அது குடியிருக்கு. ஞாயித்துக்கிழமை நான் வந்து அந்தப் பேயக் கட்டுறேன். அன்னிக்கே அந்த அம்மா வீட்ட விட்டுக் கெளம்பிடணும். திரும்பி இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருத்தமாகத்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மாமியாரை அனுப்ப ஒரு காரணம் பேய் மூலமாக வந்து சேரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? முதியோர் இல்லத்தில் அன்றைக்கே இடம் சொல்லி வைத்துவிட்டார். மகள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மா அழவில்லை. குளியலறைக்குள் போனார், வெகுநேரம் நின்றார், மாப்பிள்ளையிடம் வந்தார்.

"மாப்பிள்ள, ஃப்ளஷ் டேங்குல அடி ரப்பர் தேஞ்சு போயிருக்கு போலிருக்கு. தண்ணி சத்தமில்லாம எறங்கிக்கிட்டே இருக்கு. கீழ இருக்கிற சின்னக் குழாய்ல தைல வாசனை வேற அடிக்குது."

"உங்களுக்கு அதெல்லாம் புரியாது அத்தை. பொட்டிய எடுத்து வைங்க."

இதுதான் ஞாயிற்றுக்கிழமை வரை நடந்த கதை. வாசலில் கார் நின்றது. காருக்குள் அம்மாவின் தகரப் பெட்டி ஏறிவிட்டது. சித்தர் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

அம்மா குளியலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமி, நான் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பேய் குடிச்ச தண்ணி எங்க போகும்?"

சித்தர் சிரித்தார். "காத்துல கலந்துடும்மா. பேய்க்கு ஏது வயிறு?"

"ஒரு சொட்டுகூட அந்தக் குழிக்குப் போகாதா?"

"போகாது. ஏப்பம் மட்டும்தான் போகும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றார் அம்மா கூட்டத்தைப் பார்த்து. கேட்டுக்கொண்டோம். எங்களுக்கு அதைவிட வேறென்ன வேலை!

"வழிய விடுங்க. நான் உள்ள போயி அதுகிட்டப் பேசணும்" என்றார் சித்தர்.

"இங்க இருந்தே பேசுங்க சாமி. அதுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

சித்தர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக் கதவோடு ஒட்ட உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் சித்தர் செம்புக் கம்பியை மோட்டாருக்கு நேராக நீட்டி முறைக்க ஆரம்பித்தார். மோட்டார் அதற்கென்றே காத்திருந்த மாதிரி 'உர்ர்' என்றது.

"குடிக்குது! குடிக்குது!" என்று கூட்டம் அலறியது. நானும் அலறினேன். பழக்கதோஷம்.

கொஞ்ச நேரத்தில் குழிக்குள் 'கொர்ர்'. வாசல் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் திடீரென்று பின்வாங்கினார்கள். யாரோ மூடியைத் திறந்துவைத்திருந்தார்கள். குழாய் வாயிலிருந்து குபுகுபுவென்று செக்கச்செவேல் என்று கொட்டியது.

"ஐயையோ, ரத்தம்! பேய் ரத்தம் கக்குது!"

மதில்மேல் இருந்த ஒருவர் அந்தப் பக்கமாக விழுந்தார். சித்தரும் முதலில் இரண்டடி பின்னால் போனார். ஆனால் தொழில் தெரிந்தவர் அல்லவா, சட்டென்று சுதாரித்துக் கையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா! என் கம்பி பட்டு நெஞ்சு கிழிஞ்சுடுச்சு! பேயோட ரத்தம்தான் இது!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. ரத்தம்தானா?"

"என் தொழில்மேல சத்தியமா ரத்தம்!"

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலியான ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அவர் விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"நூலுக்குப் போடுற சாயம். பொழுது விடியறப்போ ஃப்ளஷ் டேங்குல நான்தான் கரைச்சு விட்டேன். அதுலேர்ந்து இந்த ரூமுக்குள்ள யாரும் போகல, யாரும் ஃப்ளஷ் இழுக்கல. டேங்குல போட்ட சாயம் குழிக்கு எப்படிப் போச்சு? உங்க பேய்க்குத்தான் வயிறு இல்லையே!"

அம்மா எழுந்து கதவைத் திறந்தார். முண்டியடித்து எட்டிப் பார்த்தோம். யாரும் தொடாத கோப்பைக்குள் சிவப்புத் தண்ணீர் மெல்லிய இழையாக, சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க ஃப்ளஷ் டேங்க் மறுபடி நிரம்ப வேண்டும். நிரம்பத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் மோட்டார் ஓடத்தானே செய்யும்!

"டேங்குக்குத் தண்ணி விடுற இந்தச் சின்னக் குழாய மூடினா பேய் தூங்கிடும். தொறந்தா முழிச்சுக்கும். அதுக்குத்தான் சாமிக்கு அஞ்சு நிமிஷம் தனியா வேணும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா குனிந்து அந்தக் குழாயைப் பிடித்து முறுக்கினார். தப்பான பக்கம் முறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு.

"அம்மா! அம்மா! அந்தப் பக்கம் இல்ல! மூடுறதுக்கு வலப்பக்கம்! திரெட்டு போயிடப் போவுது! வாஷர மாத்தணும்னா மொதல்ல..."

சித்தர் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன பிரயோசனம், பொத்துவதற்குள் உள்ளே ஒளிந்திருந்த குழாய் ஃபிட்டர் வெளியே வந்துவிட்டான். அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"எத்தன வருஷம் ஃபிட்டரா இருந்தீங்க சாமி?" என்று அம்மா ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஒம்பது..." என்றார் சித்தர் தரையைப் பார்த்து.

அப்போதுதான் நான் மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மந்திரித்த மோட்டாரின் அடியில் ஒரு பச்சைப் பெயிண்ட் தீற்றல். என் கடைக் கதவுக்கு நான் அடித்தபோது மிஞ்சியதை என் மோட்டாரில் தீற்றிய அதே பெயிண்ட். என் மோட்டார்! என்னிடம் 'பேய் தொட்டது' என்று கழற்றியதை எதிர் வீட்டில் மந்திரித்து மாட்டியிருக்கிறான். அப்படியென்றால் என் வீட்டில் ஓடுவது யாருடையது? ஏழு வீட்டுக்காரர்களும் அவரவர் படிக்கட்டுக்கு அடியில் பார்க்க ஓடினோம். ஓடுவதற்கு முன்பே ஸ்கூட்டர் சாவியை நான் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதால் சித்தர் எங்கும் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது மகள் காருக்குள்ளிருந்து தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நிக்கிறீங்களே, ஒரு கை பிடிங்க. அம்மா ரூம்ல கொண்டு வைங்க. வச்சிட்டு அப்படியே கடைக்குப் போயி அந்த ரப்பர வாங்கிட்டு வாங்க."

நாற்பது பேரை அதட்டுகிற மேலாளர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை" என்று முனகினார்.

"நெனச்சாச்சு மாப்பிள்ள. மெதுவா எறக்கி வைங்க, உள்ள கண்ணாடி இருக்கு."

இத்தோடு எங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, கூட்டம் கலையவில்லை. அந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர் கண்களில் ஒற்றிக்கொள்ள அந்தக் காலிப் பொட்டலத்தைக் கேட்டார். மதிலிலிருந்து விழுந்தவர், நொண்டிக்கொண்டே வந்து, தன் வீட்டு மோட்டார்மேல் கட்டித் தொங்கவிட ஒரு சிட்டிகை சாயம் வேண்டும் என்று கையை நீட்டினார்.

அம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கையக் கீழ போடுங்கய்யா. அந்தக் கையால வீட்டுக்குப் போயி டேங்க் மூடியத் தூக்கிப் பாருங்க. அப்படியே உங்க தலைக்கும் ஒரு மூடி இருக்கும், அதையும் தொறந்து பாருங்க."