கன்னியப்பனின் திங்கட்கிழமைகள்

கல்யாணமான மூன்றாவது திங்கட்கிழமை கன்னியப்பன் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். அதற்கு முன் அவர் எதையும் கண்டுபிடித்ததில்லை. பின்னாலும் இல்லை. ஆனால் அந்த ஒன்றே அவருக்குப் பன்னிரண்டு வருஷம் கைகொடுத்தது.

சேதராப்பட்டில் பாட்டிலுக்கு மூடி செய்கிற ஃபேக்டரியில் அவருக்கு ஸ்டோர்ஸ் வேலை. வீடு புதுச்சேரி டவுனுக்குள், உப்பளத்தில். காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஏழுக்குத்தான் கொண்டுவந்து தள்ளும். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் அந்த ஃபேக்டரி ஆட்களுக்குத் திங்கட்கிழமை. புதுப்பெண்டாட்டி அஞ்சலாட்சி, கெடிலம் ஆற்றுப் பக்கம் கரும்புக்காட்டுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். கடலும் மியூசியமும் இருக்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. "எங்கனா கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள். அவரும் நல்ல மனசோடுதான் கிளம்பினார். அந்த ஒரு தடவை நல்ல மனசு இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் தேடினால் கிடைக்காது.

மியூசியத்தின் கேட் பூட்டியிருந்தது. உள்ளே, டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கேட்டிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு பலகை. திங்கட்கிழமை விடுமுறை.

கன்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. அஞ்சலாட்சிதான் தேற்றினாள். "பரவால்ல வுடுங்க. கூட்டிட்டு வரணும்னு தோணுச்சே, அதுவே போதும்." வீட்டுக்கு வந்ததும், பாவம் மனுஷன் வெயிலில் அலைந்தாரே என்று வடை சுட்டாள்.

நாலாவது வடையைக் கடிக்கிறபோதுதான் கன்னியப்பனுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. கூட்டிப்போன பேரும் வந்துவிட்டது. கால் வலிக்க ஒன்றையும் சுற்றிப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்குக் கிளம்பி பதினொன்றுக்குப் பாயில் சாய்ந்தாயிற்று. மேலே வடை.

அதிலிருந்து மாசம் ஒரு திங்கட்கிழமை "கெளம்பு அஞ்சலை" என்பார். அவள் பூ வைத்துப் புடவை மாற்றிக் கிளம்புவாள். மியூசியம் பூட்டியிருக்கும். "அடடா, இன்னிக்குன்னு பாத்து!" அடுத்த மாசம் பொம்மை மியூசியம். அதுவும் பூட்டியிருக்கும். "நம்ம ராசிய பாத்தியா!" திங்கட்கிழமை மூடாத இடங்களைக் கன்னியப்பன் தானே மூடினார். தாவரவியல் பூங்காவில் குட்டி ரயில் ரிப்பேர் என்றார். மீன் காட்சியகத்தில் மீனுக்கெல்லாம் சீக்கு என்றார். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார். கடலைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது மட்டும் திறந்தே கிடந்தது. பாட்டில் மூடி செய்கிற இடத்தில்தான் வேலை, ஆனால் கடலுக்கேற்ற மூடி ஸ்டோர்ஸில் இல்லை.

நடுவில் ஹேமலதா பிறந்தாள். ஃபிரில் வைத்த கவுன் போட்டுக்கொண்டு, பூட்டிய கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்ப்பாள். நாலு வயசில் அழுதாள். ஐந்து வயசில் அழவில்லை. ஆறு வயசில், "நான் வரலப்பா, வீட்டுப்பாடம் இருக்கு" என்றாள். பிள்ளைக்குப் படிப்பில் எவ்வளவு அக்கறை என்று கன்னியப்பன் பூரித்துப்போனார். கொஞ்ச நாளில் அஞ்சலாட்சியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். குடும்பம் பக்குவப்பட்டுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஃபேக்டரியில் கதை வேறு. அங்கே கன்னியப்பன்தான் குடும்பஸ்தர்களுக்கெல்லாம் தலைவர். "லீவு நாள்ல படுத்துத் தூங்கறவன் மனுஷனாய்யா? நான் திங்கக்கெழம தவறாம பொண்டாட்டி புள்ளைய எங்கனா கூட்டிட்டுப் போயிடுவேன். மியூசியம், பூங்கா, போட்டு சவாரி, ஒண்ணு வுடறதில்ல." கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொல்லி, அவர்கள் வீடுகளில் சண்டை வந்தது.

ஊர்ப்பேரை இங்கிலீஷ் பலகைகளிலும் புதுச்சேரி என்று மாற்றி எழுதிய மறுவருஷம். கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் விஜயராகவன் கன்னியப்பனைக் கூப்பிட்டார்.

"வீட்டுல ஊருலிருந்து வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்திக் காட்டோணும். உங்களை விட்டா ஆளில்லைன்னு எல்லாருமே சொல்றாங்க. அன்னிக்கு லீவு போட்டுட்டு, குடும்பத்தோட வந்துருங்க."

"அதுக்கென்னா சார், கண்ண மூடிட்டு காட்டுவேன்."

"அப்புறம், உப்பளத்துலயே ஒரு டவுன் ஆபீஸ் திறக்கறோமுங்க. அங்கயும் ஸ்டோர்ஸுக்கு ஆள் வேணும். உங்க பேரைத்தான் நினைச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

கன்னியப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. டவுன் ஆபீஸ்! வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பஸ்ஸில் நின்று இடுப்பு ஒடிய வேண்டாம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, அரைமணி கண்ணயரலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதினாறு வருஷமாகக் கனவில் மட்டும் வந்த குழம்பு.

ஒரே ஒரு சங்கடம். மியூசியத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போய் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று ரகசியமாகக் கிளம்பினார். அவருக்கு இருந்த லீவு திங்கட்கிழமை. வாயிலே விரல் வைத்தபடி பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் வைத்த பூட்டு எவ்வளவு கெட்டியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏன் அஞ்சலை, அந்த மியூசியத்துக்குள்ள என்னாதான் இருக்கும்?"

"எனக்கென்னா தெரியும்? நான் பாத்தது கேட்டுதான்" என்றாள் அவள், கீரையைக் கிள்ளிக்கொண்டே. "கேட்டப் பத்தி வேணா கேளுங்க. எத்தினி கம்பின்னு சொல்றேன்."

போகட்டும், கடற்கரையில் நடக்கவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கன்னியப்பன் திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை காரிலிருந்து இறங்கிய மேனேஜர் வீட்டம்மா நிர்மலாதேவியின் கையில் ஒரு பட்டியல் இருந்தது.

"முதல்ல மியூசியம் போயிரலாமுங்க. அப்புறம் பூங்கா, மீன், சாயங்காலம் போட்டு. நீங்க கூட இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவலை?"

மேனேஜர் காரை நிறுத்த இடம் தேடிப் போனார். நிர்மலாதேவி மரத்தடியில் நின்று செருப்பிலிருந்த கல்லை உதறிக்கொண்டிருந்தார். கன்னியப்பன் குடும்பத்தோடு டிக்கெட் கவுண்டருக்குப் போனார். உள்ளே டிக்கெட் கிழிக்கிற கன்னியம்மாள் என்கிறவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அஞ்சலக்கா! என்னா ஞாயித்துக்கெழமையில? புதங்கெழமதான வருவ? ஹேமா, வாடி தங்கம். யாருக்கா இது, கூட வந்திருக்கறது?"

"எங்க வூட்டுக்காரரு."

"அடியாத்தே, இருக்காரா! ஒருநாளும் பாக்காததால வெளியூரோன்னு நெனச்சேன். பாவம், கேக்கவும் சங்கடமா இருந்துச்சி."

கன்னியப்பனுக்கு வியர்த்தது. "அஞ்சலை, என்னா இது?"

"மேனேஜரு வர்றாரு. மொகத்தத் தொடச்சிக்கிட்டு உள்ள வாங்க" என்றாள் அஞ்சலாட்சி.

உள்ளே முதல் அறையில் ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு மண்பானை. எல்லாரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இது வந்து சார், பிரெஞ்சுக்காரங்க தண்ணி ஊத்தி வெச்ச பானை. அந்தக் காலத்துல இதுலதான் மொண்டு மொண்டு குடிப்பாங்க. நல்லா ஜில்லுன்னு இருக்கும்."

"செத்தவங்கள உள்ள வெச்சிப் பொதைக்கிற தாழிப்பா அது" என்றாள் ஹேமலதா.

நிர்மலாதேவி இரண்டடி பின்னால் போனார். அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "அவருக்கு எப்பவும் வெளையாட்டுதான்மா. எங்களயும் இப்படித்தான் சொல்லி ஏமாத்துவாரு. நீங்க இப்படி வாங்க."

அப்புறம் கன்னியப்பனுக்கு வேலையே இல்லை. அரிக்கமேட்டில் எடுத்த பாசிமணி எது, கப்பலில் ஒயின் வந்த ஜாடி எது, எந்தச் சாமி சிலையின் விரலில் மோதிரம் செதுக்கியிருக்கிறது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் காவலாளி வைவான் என்று அஞ்சலாட்சி தன் சமையற்கட்டைக் காட்டுகிறவள் மாதிரி காட்டிக்கொண்டு போனாள். கன்னியப்பன் பின்னால் போனார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. நன்றாகப் பேசினாள்.

பழைய புஷ்புஷ் வண்டி ஒன்றின் முன்னால் அவள் நின்றாள். "இதுல துரை முன்னாடி ஒக்காந்துக்கினு இந்தக் கைப்புடிய இப்படி அப்படி திருப்புவாரு. பின்னாடி ஆளு தள்ளுவான். துரைக்கு, தான்தான் வண்டிய ஓட்டிக்கினு போறம்னு நெனப்பு." சொல்லிவிட்டு வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றபோதுதான் கன்னியப்பன் அதைப் பார்த்தார். பலகை. திங்கட்கிழமை விடுமுறை. சரியாக மேனேஜரின் கண்ணுக்கு நேரே வரப்போகிறது. ஒரே தாவில் போய், அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"அங்க ஏனுங்க போய் நிக்கறீங்க? இப்படி நிழலுக்கு வாங்க" என்றார் விஜயராகவன்.

"இல்ல சார், எனக்கு இங்கதான் காத்து வருது."

நிர்மலாதேவி அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படீங்க இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?"

கன்னியப்பன் முதுகைப் பலகையோடு இன்னும் அழுத்தினார்.

"எல்லாம் அவரு தயவுதான்மா" என்றாள் அஞ்சலாட்சி. "திங்கக்கெழம ஆனா போதும், எங்கள இங்க கூட்டியாந்துடுவாரு. பன்னெண்டு வருசமா ஒரு தடவ கூட மாத்துனதில்ல. கேட்டுப் பாருங்க."

"எங்கூட்டுக்காரரும்தான் இருக்காரு" என்று நிர்மலாதேவி மேனேஜரை முறைத்தார். மேனேஜர் பேச்சை மாற்ற அவசரப்பட்டார்.

"கன்னியப்பன், அந்த டவுன் ஆபீஸ் விஷயம். உங்களையே போட்டுரலாம்னு இருக்கேன். என்ன, அங்க வார லீவு ஞாயித்துக்கிழமையாயிரும். உங்களுக்குச் சரிதானுங்களே?"

"ரொம்ப சந்..." என்று கன்னியப்பன் ஆரம்பித்தார்.

"ஐயோ சார்!" அஞ்சலாட்சியின் கண் கலங்கியே விட்டது. "திங்கக்கெழமன்னா எங்களுக்கு உசுரு சார். எங்க மூணு பேருக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாளு. ஞாயித்துக்கெழம இங்க கூட்டம் அலைமோதும், எதையும் பாக்க முடியாது. வேற எத வேணா எடுத்துக்குங்க, எங்க திங்கக்கெழமய மட்டும் எடுத்துடாதீங்க."

இரண்டடி எடுத்து வைத்து "அப்படியெல்லாம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் இரண்டடி எடுத்து வைத்தால் முதுகுக்குப் பின்னால் பலகை. கன்னியப்பன் ஒரு காலைத் தூக்கினார். மேனேஜரின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. காலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க, கன்னியப்பன்?"

வாய் திறந்தது. மூடியது. "அவ சொல்றதுதான் சார்" என்று ஒரு குரல் வந்தது. அவருடைய குரல்தான்.

"உங்களை மாதிரி ஒரு குடும்பத்தைப் பிரிச்ச பாவம் எனக்கு வேண்டாமுங்க. வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க சேதராப்பட்டுலயே இருங்க" என்று அவர் கையைக் குலுக்கினார் விஜயராகவன். எல்லாரும் காருக்கு நடந்தார்கள். ஹேமலதா மட்டும் அப்பாவிடம் வந்தாள்.

"நகந்துக்கப்பா. மறைச்சாலும் எனக்கு அது மனப்பாடம்."

பூங்காவில் குட்டி ரயில் ஓடியது. மீன்கள் ஆரோக்கியமாக இருந்தன. சுண்ணாம்பாற்றில் படகு மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. கன்னியப்பன் எல்லாவற்றையும் முதல்முறையாகப் பார்த்தார். எதுவும் கண்ணில் ஏறவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் கன்னியப்பன் கேட்டார்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"நாலு வருசமா. புதங்கெழம மியூசியம். வெள்ளிக்கெழம ஹேமா இஸ்கூல் வுட்டு வந்ததும் பூங்கா. இஸ்கூல் லீவு வுட்டா மியூசியத்துக்கு ஹேமாவும் வருவா, போட்டும் உண்டு. நீங்க பஸ்ஸு ஏறுனதும் எங்களுக்கு ஊரு தொறந்துடும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா? அந்தப் போர்டு தமிழ்லதான இருக்குது. நான் எட்டாவது படிச்சவ. மொத நாளே படிச்சிட்டேன்."

கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரிஞ்சிக்கிட்டேவா எட்டு வருசம் பொடவ கட்டிக்கினு வந்த?"

அஞ்சலாட்சி தலையிலிருந்த பூவை எடுத்துச் சன்னலில் வைத்தாள். "கெளம்புன்னு சொல்லுவீங்களே. கேட்டு வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஒருநாளு, வேற எங்கனா திரும்புவீங்கன்னு பாத்தேன்."

அவர் கோபத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "அதுக்கு? என் டவுன் ஆபீஸக் கெடுக்கணுமா? மத்தியானம் வூட்டு சோறு சாப்புட்டிருப்பேனே!"

"அதான். மத்தியானம் மத்தியானம் நீங்க சோத்துக்கு வந்து நின்னா, நான் எப்ப மியூசியம் போறது?"

ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் கன்னியப்பன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "நானும் அந்தப் பானை, வண்டி எல்லாத்தையும் ஒருதடவ பொறுமையா பாக்கணும் அஞ்சலை. இன்னிக்கு ஒண்ணுமே சரியா பாக்கல."

"பாருங்களேன், யாரு வேணாம்னா?" என்றபடி அஞ்சலாட்சி உளுந்தை ஊறப்போட்டாள். "நாளைக்கு உங்களுக்கு லீவுதான? போய்ப் பாத்துட்டு வாங்க. வந்ததும் வடை சுட்டுத் தர்றேன்."