கிணற்றில் குதித்தது யாரு?

என் முதுகு ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. முகத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான ஜனங்கள் என் முதுகைப் பார்த்து விசிலடித்தார்கள். அந்த விசிலெல்லாம் நேராக இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வயிற்றெரிச்சலை எத்தனையோ வருஷமாகக் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதி எனக்கு அவ்வளவு கௌரவமானது அல்ல என்பதால் அதை விழுங்கிவிட்டேன்.

அது யுத்த காலம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிற வேலை எனக்கு. (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. வெளியூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.) வயது இருபத்திரண்டு. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள், நல்ல உயரம். முன்பக்கம் சுமார்தான், அதை மறைக்க மீசை வைத்துப் பார்த்தேன், மீசையும் சுமாராகவே வந்தது.

வல்லம் பக்கம் ஒரு சினிமா கம்பெனி முகாம் போட்டிருந்தது. செஞ்சி மலைகளைப் பின்னால் வைத்து ராஜா ராணிப் படம் எடுத்தார்கள். கதாநாயகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள்; எனக்கு மிச்சம் இருப்பவை நாலு பற்கள். நன்றாகப் பாடுவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குதிரை என்றால் அவருக்கு ஆகாது. குதிரை கனைத்தால் இவர் சுருதி இறங்கிவிடும். ஆகவே அவர் உயரத்துக்கு ஒரு பதிலாள் தேடி அலைந்தார்கள். (டூப் என்ற சொல் அப்போது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.)

வண்டி வாடகைக்குப் பேச மண்டிக்கு வந்த கம்பெனி ஆள், நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்து, "அப்படியே நில்லுப்பா, திரும்பாத" என்றார். நான் திரும்பிவிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு தேற்றிக்கொண்டு, "பரவாயில்ல, மூஞ்சி நமக்குத் தேவைப்படாது" என்றார். என் கலையுலகப் பிரவேசம் இப்படித்தான் நடந்தது.

பத்து நாள் வேலை. பச்சைப் பட்டுச் சட்டை, சுருள்முடி டோப்பா, இடுப்பில் மரக் கத்தி. குதிரையில் ஏறி ஓட்டினேன். கோயில் படிக்கட்டில் பதினெட்டுப் படி உருண்டேன், முட்டி இரண்டும் வீங்கின. ஒவ்வொரு தடவையும் நான் உருண்டு முடிந்த இடத்தில் கதாநாயகர் வந்து படுத்துக்கொள்வார், முகத்தில் இரண்டு துளி சிவப்புச் சாயம் வைப்பார்கள், காமிரா பக்கத்தில் வரும். அவர் வலியில் முனகுவதைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது.

கடைசி நாள்தான் கிணறு. இளவரசன் கோட்டைச் சுவரிலிருந்து அகழியில் குதித்துத் தப்பிக்க வேண்டும். கோட்டை துணியில் வரைந்தது, அகழி ஒரு மல்லாட்டைக் கொல்லையில் இருந்த பெரிய கல்கட்டுக் கிணறு. இறைவைக்கு நட்டிருந்த கல்தூண்களின் மேல் பலகை போட்டுத் துணிக்கோட்டையைக் கட்டியிருந்தார்கள். நான் மேலே ஏறினேன். கீழே பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது, நான் ஒரே பிள்ளை என்பது ஞாபகம் வந்தது. இறங்கி வந்து வயிற்று வலி என்றேன். வலி வந்தது உண்மை, காரணம்தான் வேறு.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். அந்தப் பக்கத்தில் கிணறு தூர் வாருகிறவர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், ஒல்லி. தூரத்துக் காட்சிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று என் வேர்வை காயாத சட்டையை அவருக்கு மாட்டினார்கள். கத்தியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். காமிரா மக்கர் செய்துவிட்டதாம். யுத்தத்தில் பிலிம் கிடைக்காத காலம், இருந்த சொச்சத்தில் இன்னொரு தடவை எடுத்தார்கள். ஈரச் சட்டையோடு மறுபடி ஏறிக் குதித்தார். இந்தத் தடவை உள்சுவரில் துருத்திக்கொண்டிருந்த படிக்கல்லில் தோள் மோதியது. ஒரு கையாலேயே ஏறி மேலே வந்தார்.

எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவருக்குச் சாப்பாடு போட்டார்கள். எங்கள் பந்தியில் அல்ல, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம். கம்பெனிக்காரர்கள் 'கெணத்தாளு' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

சில மாதம் கழித்து எனக்குக் கிளியனூரில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் அலமேலு. அவள் அப்பா சாமிக்கண்ணு சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர், அதிகம் பேசமாட்டார். குலம் கோத்திரம் எல்லாம் பேசி முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பிக்கு பயம் கியம் எதுனா உண்டா?" என்று மட்டும் கேட்டார். ஆஹா, மனுஷர் வீரனைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். (இருபத்திரண்டு வயதில் மூளை இருக்கிற இடம் வேறு.) குதிரையைச் சொன்னேன். படிக்கட்டைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, நாக்கு நிற்கவில்லை, கிணற்றையும் சொல்லிவிட்டேன். குதிக்கும்போது காதில் காற்று எப்படி இரைந்தது, தண்ணீர் எப்படிச் சில்லென்று அறைந்தது என்றெல்லாம் விவரித்தேன். அவர் முகம் மலரவில்லை. "படம் வரட்டும், பாக்கலாம்" என்றார். அவர் சம்மதம் அந்தப் படத்தில் மாட்டிக்கொண்டது.

படம் முதலில் விழுப்புரத்துக்கு வந்தது. கதாநாயகரே ரயிலில் வந்து இறங்கினார். கொட்டகை மேடையில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் அந்தக் கிணற்றுக் குதிப்பைப் பற்றியே கால்மணி நேரம் பேசி, அந்த வீரத்துக்காக என்று சொல்லித் தங்கப் பதக்கம் குத்தினார். நாயகர் நெஞ்சில் கை வைத்து, ரசிகர்களுக்காக உயிரையும் கொடுப்பேன் என்றார். எந்த உயிரை? யாருடைய உயிரை? கூட்டத்தில் நின்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவன் உடம்பைக் கொடுப்பான், இன்னொருவன் பதக்கத்தை வாங்குவானா? முகம் அவருடையது என்றால் முதுகு என்னுடையது, படத்தில் சரிபாதி எனக்கு என்று எனக்குள்ளேயே கட்சி கட்டி வாதாடினேன். அந்தக் கணக்கில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு என்பது ஒரு தடவைகூட என் புத்தியில் தட்டவில்லை. அதற்குள் என் பொய்யை நானே நம்பியிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். நாயகர் என்னை யாரென்று பார்த்தார். உடுப்பு மாட்டிவிடுகிற ஆள் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னான். திரும்பினேன். "அட, நம்ம முதுகு!" என்றான். நாயகரும் சந்தோஷமாக என் முதுகிடம் சௌக்கியம் விசாரித்தார்.

படம் திண்டிவனத்துக்கு வந்த அன்று, சாமிக்கண்ணு குடும்பத்தை வண்டி கட்டி அழைத்து வந்தார். டூரிங் கொட்டகை, மாலைக் காட்சி. நானும் அவரும் ஆண்கள் பக்கத்து பெஞ்சியில். இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள், அங்கே அலமேலுவும் அவள் அம்மாவும். எங்களுக்கு முன்னால் மணலில் தரை டிக்கெட்டுக் கூட்டம்.

குதிரை வந்தது, என் முதுகு வந்தது, விசில் பறந்தது. குதிப்பு வந்தபோது திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள். அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். இளவரசன் தண்ணீரில் விழுந்ததும் ரீல் தீர்ந்தது, விளக்கு எரிந்தது. ஜனங்கள் நாயகர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். விழுப்புரத்துப் பதக்கம் கண் முன்னால் ஆடியது. நான் பெஞ்சி மேல் ஏறி நின்றேன்.

"அண்ணன்மாருங்களே, இப்போ குதிச்சது அவரு இல்லீங்க. நானு" என்றேன்.

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. நம்பாத முகங்களைப் பார்த்து, வேறு வழி தெரியாமல், திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். (ஆமாம். முந்நூறு பேருக்கு. சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.) சிரிப்பு கிளம்பியது. அதற்குள் தரையிலிருந்து ஒரு குரல் வந்தது, கோபமே இல்லாத குரல்.

"தம்பி, குதிரையில போனது நீங்க. படியில உருண்டதும் நீங்கதான். கெணத்துல குதிச்சது நானுங்க. பசங்களுக்குக் காட்டலாம்னு வல்லத்துலேர்ந்து நடந்து வந்துக்கிறோம்."

கிணற்றுக்காரர் எழுந்து நின்றிருந்தார். பெண்கள் பக்கம் இருந்த தன் பிள்ளைகளைக் காட்ட வலது கையைத் தூக்கினார். தோளுக்கு மேல் அது போகவில்லை. இடது கையால் காட்டினார்.

"அப்போ ராசா இன்னாதான்டா செஞ்சாரு?" என்று எவனோ கேட்டான். கொட்டகை உருண்டு புரண்டு சிரித்தது.

டிக்கெட் கிழிக்கிற ஆள் ஓடி வந்தான். பெஞ்சியில் நிற்கிற என்னைப் பார்த்தான், மணலில் நிற்கிற அவரைப் பார்த்தான். கலாட்டா செய்கிறவன் யார் என்று முடிவு செய்ய அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "பேஜார் பண்ணாத, ஜல்தி வெளிய வா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தான், அதுவும் அந்த வலது கையை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பெஞ்சியிலிருந்து இறங்கி உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள். அலமேலுவும் எழுந்து வாசல் வரைக்கும் அவள் பின்னால் போனதைப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. அடுத்த ரீலில் நாயகர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார், ஒரு சுருள்கூட நனையாமல். மறுபடி கற்பூரம் கொளுத்தினார்கள்.

காட்சி முடிந்து வண்டியருகே சாமிக்கண்ணு நின்றார். சம்மந்தம் முறிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் வாயால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

"கெணத்த எட்டிப் பாத்துட்டு எறங்கி வந்துட்டீங்களாமே. அந்தப் பொம்பள நம்ம பொண்ணாண்ட சொல்லிச்சாம். நெசமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எம் பெரியவன் பட்டாளத்துக்குப் போனான். வேணாம்டான்னா கேக்கல, தைரியசாலி. பர்மாவுலேர்ந்து ஒரு காயிதம் வரல. பயந்தவனா ஒரு மாப்ள கெடச்சா போதும்னுதான் அன்னிக்கு உங்களக் கேட்டேன். நீங்கதான் தப்பா பதில் சொல்லிட்டீங்க."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து மாட்டை அதட்டும் முன்னால் இன்னொன்றும் கேட்டார்.

"அந்த ஆள வெளிய தள்ளும்போது சும்மா குந்திக்கினு இருந்தீங்களே. அது பயமா, வேற எதுனாவா?"

கேட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவனும் பெருமையடித்துக்கொள்ள முடியாது. நான் வைத்த குழம்பு என்று விருந்தாளிகளிடம் சொன்னால், அலமேலு அடுப்படியிலிருந்து, "கெணத்துல குதிச்சது யாரு?" என்பாள். மண்டி வியாபாரிகள் எனக்கு மாலை போட்ட அன்று, என் மகனே அதைக் கேட்டான். பேரப்பிள்ளைகள் ஒருவன் நோட்டை ஒருவன் பார்த்து எழுதினாலும் அதேதான். வீடே சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன். எல்லாரும் என்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்கள்; அந்த வேடிக்கையிலும் கதாநாயகன் நான்தான். குதித்தவருக்கு அதிலும் கிடைத்த இடம் 'யாரு' என்பதுதான்.

போன வாரம் சின்னப் பேத்தி, இதைக் கதையாக எழுதி வாத்தியாரிடம் காட்டப் போவதாக நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தாள். "நெசமாவே குதிச்சவரு பேரு இன்னா தாத்தா?" என்றாள்.

வயசாச்சும்மா, மறந்துபோச்சு என்றேன்.

அலமேலு முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் கேட்டேன்டி, கொட்டா வாசல்ல. புருசன் பேர வாயால சொல்லக் கூடாதுன்னுட்டு அந்தம்மா போயிட்டாங்க. உங்க தாத்தா மறக்கல. கேக்கவே இல்ல."