நெல்லில் மாட்டிக்கொண்ட அரை மாரத்தான்

ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இது சீசனின் கடைசி அரை மாரத்தான். முந்தைய இரண்டிலும் என்னைப் பாதியில் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் மெடல். அதை மாட்ட ஹாலில் ஆணிகூட அடித்துவிட்டேன். சீசன் தொடங்கியதிலிருந்து அந்த ஆணி சும்மா நிற்கிறது.

கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "இன்னைக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா அந்த ஆணியில காலண்டர மாட்டிடுவேன்."

"மாரத்தான்ங்கிறது கிரேக்க நாட்டுல ஒரு ஊரு. அங்கேருந்து ஓடினவன் சேதியச் சொல்லிட்டு அங்கேயே செத்து..."

"நீங்க பாதிதானே ஓடறீங்க? பொழைச்சுப்பீங்க." கதவைச் சாத்திவிட்டாள்.

நாகப்பட்டினத்தில் புறப்பட்டு, கீழ்வேளூர் பக்கம் போய், அதே சாலையில் திரும்ப வேண்டும். போகும்போது சாலை காலி. திரும்பும்போது பாதிச் சாலை நெல்!

சம்பா அறுவடை நேரம். வெயில் ஏறியதும் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கத் தொடங்கிவிடுவார்கள். வேகமாக ஓடியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பாக்கியம் எனக்கு மட்டும்.

மீதிப் பாதியில் பஸ். "ஓரமா ஓடு பெருசு!" என்றார் கண்டக்டர். ஓரம் போனேன்.

"சார்! நெல்லு மேலயா ஷூவோட வருவீங்க?"

நாற்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பெயர் வசந்தா என்று பிறகு தெரிந்தது.

"இது சாதாரண ஷூ இல்லீங்க. உள்ள கார்பன் தகடு வெச்சு..."

"தங்கத் தகடா இருந்தாலும் கழட்டுங்க."

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வெறுங்காலில், சூடான நெல்லில், பாதத்தைத் தூக்கவும் தெம்பில்லாமல் இழுத்து இழுத்துப் போனேன்.

"அப்படித்தான்! தூக்காதீங்க, அப்படியே இழுங்க! வரி வரியா எவ்வளவு அழகா கெளறுறீங்க! இன்னொரு வாட்டி அந்தக் கோடியிலேருந்து வாங்க."

"எனக்கு நேரமாவுதுங்க. இன்னைக்குத்தான் கடைசி ரேஸ்."

"எனக்கும் இன்னைக்குத்தான் சார் கடைசி. ரெண்டு தடவை நெல்லு ஈரம்னு திருப்பிட்டாங்க. கொள்முதல் சென்டர இன்னையோட மூடறாங்க. வீட்டுக்காரர் அங்க எடம் பிடிச்சு நிக்கறாரு, இங்க நான் ஒண்டியா கெடக்கறேன். இதையும் திருப்பினா, யாவாரி சொல்ற வெலதான்."

எனக்கு இரக்கம் பிறந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை வேறு. இந்த சீசனில் என் கால்களை யாரும் பாராட்டியதில்லை. திரும்பிப் போனேன்.

பாதி தூரத்தில் ஓர் அலறல். "ஐயய்யோ! வேர்வை சொட்டுது சார்! காயவெக்கிற நெல்லுல மழையா பேயறீங்களே!"

ஓடிவந்து ஒரு பச்சைத் துண்டை என் மேல் போட்டாள். போன வாரம் இதே இடத்தில் நடந்த மறியலில் விவசாயிகளுக்குக் கொடுத்த துண்டாம். துடைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

கடைசி ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், ஏறிக்கறீங்களா?"

"நான் இன்னும் ரேஸ்லதான் இருக்கேன்!" என்றேன், எதிர்த்திசையில் நடந்துகொண்டே.

அவர் வண்டியை எடுத்தார்.

நெல் முடிந்த இடத்திலிருந்து ஓடினேன். ஷூவை மாட்டக்கூட நிற்கவில்லை. உண்மையாகவே ஓடினேன்! எல்லைக்கோட்டுக்கு மேலே கடிகாரம் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது!

கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். மேடையில் கரைவேட்டி கட்டிய சிறப்பு விருந்தினர் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எந்த சங்கம்?" என்றார் போலீஸ்காரர்.

"சங்கமா? நான் ரேஸுங்க!"

என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்கால். முழங்கால்வரை நெல் தூசி. கழுத்தில் பச்சைத் துண்டு. கையில் ஷூ. ஷூவை எறிய வந்தவன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

துண்டை விலக்கி நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் காட்டினேன்.

"இது கொள்முதல் டோக்கன்தானே? அதுக்கு வி.ஏ.ஓ. குடுக்கற அடங்கல் சீட்ட எடுத்துக்கிட்டு சென்டருக்குப் போங்க. இங்க எதுக்கு வர்றீங்க?"

"ஓடி வந்திருக்கேங்க!"

"பாத்தா தெரியுது. பொறுமையா போங்க."

இதற்குள் மேடையிலிருந்தவர் என்னைக் கவனித்துவிட்டார். மைக்கில் கணீரென்று சொன்னார்: "விவசாயப் பெருமக்களோட கோரிக்கை எதுவா இருந்தாலும் நம்ம ஆட்சி கட்டாயம் பரிசீலிக்கும்!"

ஒரே கைதட்டல். மரியாதைக்காக நானும் தட்டினேன். தட்டி முடித்து நிமிர்ந்தபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது.

சாயங்காலம் துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வசந்தா சாலையில் மிஞ்சிய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சு சார்! மிஷின்ல வெச்சு ஈரம் பாத்தாங்க, மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிட்டாங்க! துண்டு உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த வேர்வை நாத்தம் இனிமே போவாது."

ஆணியில் இப்போது பச்சைத் துண்டு தொங்குகிறது. காலண்டருக்கு மனைவி வேறு ஆணி அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "போராட்டத்துக்கெல்லாம் போவீங்களா சார்?" என்று மரியாதையோடு கேட்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவை. மூணு மணி நேரத்துக்கு மேல தாக்குப்பிடிச்சேன்" என்கிறேன்.